வென்ற பேரரசரின் மீதி வாழ்க்கை: ஒரு நாவல் கைப்பிரதி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய பதிப்பகத்துக்கு வந்த நாவல் கைப்பிரதி பற்றிய பதிவு இது. எழுதியவர், பதிப்பாளர், உதவிய பேராசிரியர் என்று யாருடைய பெயரும் இதில் வராது, கதையில் வரும் பேரரசரின் பெயரும் வராது. செம்மையாக்கம் செய்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன். கற்பனை வரலாறு எழுதுகிற பலர் வந்து நிற்கிற இடம் ஒன்று இதில் இருக்கிறது, அதனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கதை ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. ஒரு பெரிய ஆறு, வடக்கே ஒரு கணவாய், தெற்கே தலைநகர். வாரிசு யார் என்று சொல்லாமலே கிழப் பேரரசர் இறந்துபோகிறார். மூத்த மகன் தலைநகரில் முடிசூடிக்கொள்கிறான், எல்லைப் படைக்குத் தலைவனாக இருக்கும் இளையவன் அதை ஏற்க மறுக்கிறான். மூன்று வருடம் உள்நாட்டுப் போர். இளையவன் வெல்கிறான், அப்புறம் இருபத்திரண்டு வருடம் ஆள்கிறான், நோயில் இறக்கிறான். மூன்று வருடப் போருக்குக் கைப்பிரதியில் மூன்றில் இரண்டு பங்கு, இருபத்திரண்டு வருட ஆட்சிக்கு மீதி ஒரு பங்கு.

எழுதியவருக்கு இது முதல் நாவல். ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறார். பதிப்பாளர் கைப்பிரதியை என்னிடம் கொடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "போர் முடியற வரைக்கும் கீழ வைக்க முடியல சார். அதுக்கப்புறம் என்னவோ ஆயிடுது. என்னன்னு பாருங்க."

படித்தபோது கவனித்தவை

போர்ப் பகுதி உண்மையிலேயே நன்றாக இருந்தது. கணவாய் முற்றுகை, இரவில் ஆற்றைக் கடப்பது, அண்ணனின் தளபதி ஒருவர் கட்சி மாறும் இடம் எல்லாமே ஆள் தெரிந்து எழுதியவை. ஆனால் வெற்றிக்கு அடுத்த அத்தியாயத்திலிருந்து பேரரசருக்கு எதிராக ஒருவருமே இல்லை. கால்வாய் வெட்டுகிறார், கல்விச் சாலை கட்டுகிறார், புலவர்களுக்குப் பொன் கொடுக்கிறார், ஒரு நாள் இறந்துபோகிறார். வாக்கியங்களே மாறிவிட்டன. வென்று, கொண்டு, தந்து, நிறுவி என்று எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, கடைசியில் ஒரு வினைமுற்று. நம் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்த ஓட்டம் உடனே பிடிபடும். மெய்க்கீர்த்தி அரசன் தன் புகழைத் தானே பொறிக்க வைப்பது, தோற்றவன் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வது அதன் வேலையே இல்லை. கதைசொல்லி தனக்குத் தெரியாமலே அரசவைப் புலவராக மாறியிருந்தார்.

முதல் வாசிப்பில் இது நடைப் பிரச்சினை போலத் தோன்றும். ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது, கதையில் ஆளும் பொருளும் எங்கெங்கே காணாமல் போகிறது என்று பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிப் போரில் அண்ணன் பக்கத்தில் முப்பதாயிரம் பேர் ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள், அதன்பின் புத்தகம் முடியும்வரை அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணன் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அரண்மனைப் படியில் நிற்பது வரை வருகிறார்கள், அதோடு சரி. போரின் மூன்றாம் வருடம் கருவூலத்தில் காசில்லை என்று பேரரசரே சொல்கிறார், அதே வருடக் கடைசியில் கால்வாய்க்குக் கால்கோள் நடக்கிறது. அண்ணனின் அமைச்சர்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியவில்லை.

உள்நாட்டுப் போரை வெளிநாட்டுப் போர் மாதிரி முடித்திருந்தார் என்பதுதான் என் கணிப்பு. வெளிநாட்டு எதிரி தோற்றால் எல்லையைத் தாண்டி வீட்டுக்குப் போவான், அல்லது திறை கட்டுவான். உள்நாட்டுப் போரில் தோற்ற சிப்பாயின் வீடு வென்றவனின் வரிப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. அவன் மறுநாள் காலையிலும் அங்கேதான் இருப்பான், பத்து வருடம் கழித்தும் அங்கேதான் இருப்பான். உள்நாட்டுப் போரில் வென்ற ஒரு பேரரசரின் வாழ்க்கையை எழுதுகிறோம் என்றால், அந்த ஆளோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் வாழ்க்கையே.

முதல் முடிவு: வெட்டுவதா, கட்டுவதா

பதிப்பாளர் கடைசிப் பங்கை அப்படியே எடுத்துவிட்டு, பத்துப் பக்க முடிவுரையோடு நிறுத்திவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காகிதச் செலவு குறையும், கதை உச்சத்தில் முடியும். ஆனால் நாவல் "பேரரசரின் வாழ்க்கை" என்று சொல்லிக்கொண்டு தொடங்குகிறது, முடிசூட்டோடு நிறுத்தினால் அது ஒரு படையெடுப்பின் கதையாகத்தான் மிஞ்சும். நடையை மட்டும் திருத்திக் கொடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நான் உடனே ஒதுக்கினேன். காணாமல் போன முப்பதாயிரம் பேரை நல்ல வாக்கியத்தால் கொண்டுவர முடியாது.

எழுதியவரை நேரில் வரச் சொல்லி, திருத்தம் எதுவும் தராமல் மூன்றே கேள்வி கேட்டேன். சரணடைந்தவர்கள் எங்கே? வென்ற படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? அண்ணன் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு? முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் பதில் வரவில்லை. இரண்டாவதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சார், ரெண்டு மாசம் சம்பளம் நின்னாலே எங்க கேட்டுல உட்கார்ந்துடுவாங்க. இவங்க கையில வேல் வேற இருக்கு." அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து நாவலுக்குள் நுழைய வழி கிடைத்துவிட்டது என்று அப்போது புரிந்தது. சம்பளத்திலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தோம்.

கணக்கு

போர்ப் பகுதிக்கே திரும்பிப் போனோம். கணவாயில் நாற்பதாயிரம் பேர் இரண்டு மாதம் முற்றுகையில் இருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்தாலும் தினம் 40 டன், அறுபது நாளுக்கு 2,400 டன். ஒரு மாட்டுவண்டி அரை டன் சுமக்கும் என்றால் தினமும் எண்பது வண்டி வந்து இறங்க வேண்டும், அந்த மாடுகளுக்கும் தீனி வேண்டும். இவ்வளவையும் யார் கொடுத்தார்கள்? வடகரைக் கிராமங்கள்தான் கொடுத்திருக்க முடியும். காசு கொடுத்து வாங்கும் நிலையில் இளவரசன் இல்லை, பிடுங்கியிருந்தால் கிராமங்கள் அண்ணன் பக்கம் போயிருக்கும். எனவே "நான் வென்றதும் தருகிறேன்" என்று முத்திரையிட்ட கடன் ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று எழுதியவரே கண்டுபிடித்தார். கைப்பிரதியில் கணவாய் அத்தியாயத்தில் நான்கே வரிதான் சேர்ந்தது. ஆனால் வெற்றிக்குப் பிறகான முதல் காட்சி அதிலிருந்து தானாக வந்தது: முடிசூட்டு நாளில் தலைநகரின் வடக்கு வாசலில் ஓலைக்கட்டுகளோடு ஊர்த் தலைவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

உண்மையான வெற்றியாளர்களைப் பார்த்தது

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் உதவியைக் கேட்டோம். பணி ஓய்வு பெற்றவர், பொறுமையானவர். எழுதியவர் "ஐயா, நான் எழுதுறது கற்பனை நாடுதானே, நிஜ வரலாறு எதுக்கு?" என்று கேட்டபோது, "நாடு கற்பனையா இருக்கட்டும்மா, தோத்தவனுக்குப் பசிக்குமா பசிக்காதா?" என்றார். மூன்று இடங்களைச் சொன்னார்.

முதலாவது ரோம், கி.பி. 69. ஒரே வருடத்தில் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என்று நான்கு பேரரசர்கள். அந்த ஏப்ரலில் வட இத்தாலியில் கிரெமோனா நகருக்கு அருகே ஓத்தோவின் படையை விட்டெல்லியஸின் தளபதிகள் தோற்கடித்தார்கள். வென்ற பிறகு விட்டெல்லியஸ் செய்ததைத்தான் பேராசிரியர் விரிவாகச் சொன்னார். ஓத்தோ பக்கம் தீரமாக நின்ற செந்தூரியன்களை, அதாவது சிறு படைப்பிரிவுகளின் தலைவர்களை, கொன்றார். ஓத்தோவின் மெய்க்காவல் படையைக் கலைத்து அனுப்பினார். தோற்ற பதின்மூன்றாம் லெஜியன் என்ற பெரும்படைப் பிரிவை கிரெமோனாவிலும் பொனோனியாவிலும் கேளிக்கை அரங்கு கட்டும் வேலையில் போட்டார், அந்தச் சிப்பாய்களை கிரெமோனா மக்கள் கேலி செய்தார்கள். அந்த லெஜியனின் கூட்டாளிகளான டேன்யூப் ஆற்றங்கரைப் படைகள் கொதித்துப்போயின. ஜூலையில் கிழக்கே வெஸ்பாசியன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும், கலைக்கப்பட்ட மெய்க்காவலர்கள் அவர் பக்கம் ஆயுதம் எடுத்தார்கள். அக்டோபரில் அதே கிரெமோனா அருகே இரண்டாவது போர். இந்த முறை பதின்மூன்றாம் லெஜியன் வென்ற பக்கத்தில் இருந்தது. நகரம் நான்கு நாள் எரிந்தது. பிடிபட்ட கிரெமோனா மக்களை அடிமையாக விற்கப் பார்த்தபோது இத்தாலியில் வாங்க ஆளில்லை, சொந்த நாட்டுக்காரரை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. விற்காத கைதிகளைச் சிப்பாய்கள் கொல்லத் தொடங்கினார்கள், உறவினர்கள் ரகசியமாகப் பணம் கொடுத்து மீட்டார்கள்.

வென்ற வெஸ்பாசியனிடம் காலிக் கருவூலம்தான் இருந்தது. அரசு நிமிர 4,000 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) வேண்டும் என்று அவர் சொன்னதாக ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார், பொதுக் கழிப்பிடத்துச் சிறுநீருக்குக்கூட வரி போட்டவர் அவர். அதே மனிதர் தான் தோற்கடித்த விட்டெல்லியஸின் மகளுக்குச் சீர் கொடுத்து நல்ல இடத்தில் திருமணம் செய்துவைத்தார். ஆனால் விட்டெல்லியஸின் சின்ன மகனை, வெஸ்பாசியன் ரோமுக்கு வந்து சேரும் முன்பே, அவருடைய கூட்டாளி மூசியானஸ் கொல்லச் செய்துவிட்டார்.

இரண்டாவது சீனா. 1399 முதல் 1402 வரை அண்ணன் மகனோடு போரிட்டு மிங் அரியணையைப் பிடித்தவர் யோங்லே பேரரசர். நான்ஜிங் அரண்மனை எரிந்தது, அந்த அண்ணன் மகன், அதாவது முந்தைய பேரரசர் ஜியான்வென், என்ன ஆனார் என்பது உறுதியாகவில்லை. முடிசூட்டு அறிக்கை எழுத மறுத்த அறிஞர் ஃபாங் சியாவ்ரூவும் அவருடைய உறவினர்களும் கொல்லப்பட்டார்கள். ஜியான்வெனின் ஆட்சியாண்டுகளே பதிவிலிருந்து நீக்கப்பட்டன. 1398இலேயே இறந்துபோன, யோங்லேயின் தந்தையான ஹோங்வு பேரரசரின் 35ஆம் ஆண்டு என்று 1402 குறிக்கப்பட்டது. ஜியான்வென் ஆண்டுப் பெயர் மறுபடி ஏற்கப்பட்டது 1595இல்தான். ஜியான்வெனின் இளைய மகன் இரண்டு வயதுக் குழந்தையாகச் சிறைவைக்கப்பட்டு, 1457இல் விடுதலையானபோது மாட்டையும் குதிரையையும்கூட அடையாளம் தெரியாமல் நின்றார் என்று மிங் வரலாறு பதிவு செய்கிறது. இதைக் கேட்டதும் எழுதியவர் குறிப்பேட்டை மூடிவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை.

மூன்றாவது நமக்குப் பழக்கமானது. 1657இல் ஷாஜகான் நோயில் விழ, நான்கு மகன்களும் மோதினார்கள். 1658 மே மாதம் ஆக்ரா அருகே சமூகரில் மூத்தவர் தாரா தம்பி ஔரங்கசீப்பிடம் தோற்றார், அடுத்த வருடம் தில்லித் தெருவில் அவமான ஊர்வலத்துக்குப் பிறகு கொல்லப்பட்டார். சமூகரில் ஔரங்கசீப்போடு சேர்ந்து போரிட்ட தம்பி முராதும் 1661இல் கொல்லப்பட்டார். தந்தை 1666 வரை ஆக்ரா கோட்டையில் காவலில் இருந்தார். இதெல்லாம் பலருக்குத் தெரியும். தாராவின் மகள் ஜஹான்சேப் பானுவை 1669இல் ஔரங்கசீப் தன் மகன் ஆசமுக்கு மணமுடித்தார், தாராவின் மகன் சிபிர் ஷுக்கோவுக்கு 1673இல் தன் மகளையே கொடுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கல்யாண வீட்டில் மணமக்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இதுதான் மூன்றிலும் கனமான செய்தி.

நாவலில் எடுத்த முடிவுகள்

எதையும் அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். நடந்ததன் காரணத்தை மட்டும் எடுத்து, கற்பனை நாட்டின் நிலத்திலும் ஆட்களிலும் அது எப்படி நடக்கும் என்று பார்ப்பது.

கால்வாய் அப்படியே இருக்கட்டும் என்றோம், வெட்டுகிறவர்கள் மாறினார்கள். சரணடைந்த முப்பதாயிரம் பேர்தான் வெட்டுகிறார்கள், கூலி இல்லாமல், தாங்கள் தோற்ற களத்தின் வழியாகவே. பேரரசருக்கு அது சிக்கனமான ஏற்பாடு, அவருடைய கணக்கர் பாராட்டுகிறார். ஆறாம் வருடம் கால்வாயின் கடைசிப் பகுதியில் கலகம் வெடிக்கிறது. முதல் வடிவில் பெருமைக்காக மட்டும் இருந்த கால்வாய் இப்போது கதையின் முதுகெலும்பு.

ஆட்சியாண்டு விஷயம் எழுதியவருக்கு மிகவும் பிடித்துப்போனது. நாவலின் பேரரசர் தன் ஆட்சியைத் தந்தை இறந்த நாளிலிருந்தே எண்ண ஆணையிடுகிறார், அண்ணன் ஆண்ட மூன்று வருடம் ஏட்டிலிருந்து போய்விடுகிறது. அப்புறம் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தோம். அந்த மூன்று வருடத்தில் விற்ற நிலம், செய்த தானம், நடந்த திருமண ஒப்பந்தம் எல்லாம் யார் முத்திரையில் இருக்கின்றன? அண்ணன் முத்திரையில். அந்த ஓலைகள் செல்லாது என்றால் தென்கரையில் பாதி வயலுக்கு உடைமையாளர் இல்லை. வழக்குகள் குவிகின்றன, பன்னிரண்டாம் வருடம் பேரரசர் அந்த ஆணையைப் பாதியளவு திரும்பப் பெறுகிறார். போர்க்களத்தில் ஒரு அடி பின்வாங்காத மனிதர் ஒரு கிராமக் கணக்கர் முன்னால் பின்வாங்கும் அந்தக் காட்சி நாவலின் சிறந்த பக்கங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

குழந்தைகள் விஷயத்தில்தான் நீண்ட விவாதம். அண்ணன் மகளைப் பேரரசர் தன் மகனுக்கே மணமுடிக்கிறார் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. சிறுவனைப் போர்க் குழப்பத்திலேயே இறக்க வைத்துவிடலாம் என்று எழுதியவர் கேட்டார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது, அவரும் ஒரு தாய். ஆனால் குழப்பத்தில் இறந்தால் அது யாருடைய முடிவும் ஆகாது, பேரரசர் கை கழுவிக்கொள்வார். அவர் எடுத்த முடிவாக இருந்தால்தான் இருபத்திரண்டு வருடமும் அது அவர் மேல் இருக்கும். சிறுவன் மேற்குக் கோட்டையில் உயிரோடு இருக்கிறான் என்றும், அவனுக்கு ஆகும் செலவு ஒவ்வொரு வருடமும் கணக்கில் ஒரு வரியாகப் பேரரசர் பார்வைக்கு வருகிறது என்றும் முடிவானது. அந்தக் கணக்கு வரி எழுதியவருடைய யோசனை.

வென்ற படையின் சம்பளம், கடன் ஓலை இரண்டுக்கும் சேர்த்து அண்ணன் ஆதரவாளர்களின் நிலம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இது அதிகம் வளர்க்கப்படவில்லை, இரண்டு அத்தியாயத்தோடு முடிகிறது.

அதன்பின் நடந்தது

கடைசிப் பங்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. பதிப்பாளர் பக்கக் கணக்கைப் பார்த்துக் கவலைப்பட்டார், ஈடாகப் போர்ப் பகுதியில் இரண்டு சண்டைகளை எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று ஆற்றுத்தீவுச் சண்டை, எழுதியவர் முதன்முதலில் எழுதிய அத்தியாயம். எடுக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அந்தச் சண்டையில் பிடிபடும் ஒரு வீரன் பிறகு கால்வாய்க் கலகத்துக்குத் தலைவனாக வருவதாக மாற்றினார், அதன்பின் அதை எடுக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பதிலாக வேறொரு சண்டை போயிற்று.

திருத்திய வடிவத்தை வெளியாள் இருவரிடம் படிக்கக் கொடுத்தோம். ஒருவர், சிறுவன் அத்தியாயத்துக்குப் பிறகு பேரரசரோடு ஒட்ட முடியவில்லை, முடிசூட்டு வரை அவருக்காகத்தான் படித்தேன் என்று வருத்தமாகவே எழுதினார். இன்னொருவர் அண்ணன் மகளின் கல்யாணத்தைத்தான் மறுபடி மறுபடி படித்ததாகச் சொன்னார். பேராசிரியருக்கு வேறு குறை: கலகம் அடக்கப்படுவது சீக்கிரம் முடிகிறது, அடக்கப் போன படையிலும் கால்வாய் வெட்டியவர்களின் அண்ணன் தம்பி இருந்திருப்பார்களே என்றார். சரியான கேள்வி. அதற்காக ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதப்பட்டது: வடகரைப் பிரிவு ஒன்று வில்லை இறக்கிவிட்டு நிற்கிறது, அதன் தலைவன் பேரரசரோடு கணவாயில் பசியோடு கிடந்தவன்.

மெய்க்கீர்த்தி ஓட்டம் தானாகவே மறைந்தது, அதற்காக நான் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தவில்லை. ஒரே இடத்தில் அதை வேண்டுமென்றே வைத்துக்கொண்டோம். கால்வாய்த் தலைப்பில் பேரரசர் பொறிக்க வைக்கும் கல்வெட்டு பழைய கைப்பிரதியின் பத்தியேதான், ஒரு சொல் மாறாமல். சுற்றியுள்ள அத்தியாயங்களைப் படித்துவிட்டு அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பதிப்பாளர் நாவலை ஏற்றுக்கொண்டார், அச்சு வேலை நடக்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

இந்த வகைக் கைப்பிரதி இனி வந்தால், செம்மையாக்கம் தொடங்கும் முன்பே எழுதியவரிடம் தோற்ற பக்கத்தின் பட்டியல் ஒன்று கேட்பேன். எத்தனை பேர், எந்த ஊர், வெற்றிக்கு மறுவருடம் எங்கே இருக்கிறார்கள் என்று. இரண்டு பக்கம் போதும். பேராசிரியர் போன்ற ஒருவரைப் பாதியில் அழைக்காமல் முதல் சந்திப்பிலேயே உட்கார வைப்பது இன்னொன்று, கலகம் பற்றிய கேள்வி முன்பே வந்திருந்தால் ஒரு சுற்றுத் திருத்தம் மிச்சமாகியிருக்கும். பக்க அளவைப் பதிப்பாளரோடு முதலிலேயே பேசி வைப்பதும் தேவை, எழுதியவர் தன் சண்டைகளுக்காகக் கடைசி நேரத்தில் போராட வேண்டிய நிலை வரக்கூடாது.

சிறுவன் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பேரரசர் இறந்த பிறகு புதிய அரசன் அவனை விடுவிப்பதாக ஒரு பத்தி சேர்க்கலாம் என்கிறார் எழுதியவர், பேரரசரின் மரணத்தோடு நாவல் முடியட்டும் என்பது என் பக்கம். மெய்ப்புத் திருத்தம் முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும், கடைசிச் சொல் அவருடையது.